குழந்தைக்குத் தினமும் மருந்து வேண்டும், ஊரே அடைத்துக் கிடக்கிறது: என்ன செய்வது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு ஒன்பது வயது, மூன்று வயதிலிருந்து ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட் சிரப் குடிக்கிறாள். 2020 ஊரடங்கில் சிரப் தீர்ந்து, ஆறு நாள் மருந்தில்லாமல் இருந்து, ஏழாம் நாள் விடியற்காலையில் வலிப்பு வந்துவிட்டது. தங்கை மகனுக்கு டைப் 1 சர்க்கரை; அவனுக்கும் இன்சுலின் தேடி அலைந்திருக்கிறீர்கள். இன்னொரு பெருந்தொற்று வந்தால் என்ன செய்வது, ஆறு மாத மருந்தை இப்போதே வாங்கி அடுக்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். கேட்டது கையிருப்பைப் பற்றி என்றாலும், அந்த ஆறு நாளில் வேறு ஏதாவது செய்திருக்கலாமோ என்ற உறுத்தல்தான் உள்ளே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான் தென்மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவமனை மருந்தாளுநர். இருபத்தாறு வருடமாக மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன், அதில் பதினான்கு வருடம் குழந்தைகள் பிரிவில். டாக்டர் இல்லை. எந்த மருந்து, எத்தனை மி.கி. என்று முடிவு செய்வது என் வேலை இல்லை. கீழே அளவைப் பற்றி எங்கேயாவது பேசினால் அது பொதுவான விஷயம். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல முடியும். மருந்து எப்படி வந்து சேர்கிறது, எங்கே தேங்கி நிற்கிறது, எப்படிக் கெடுகிறது, வீட்டில் எந்த இடத்தில் தவறுகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

கையிருப்புக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் குழந்தையின் மருந்து நின்றுபோனால் எத்தனை நேரம் தாங்கும்? எல்லா மருந்துக்கும் இந்தக் கெடு ஒன்றாக இருக்காது. டைப் 1 பிள்ளைக்கு இன்சுலின் நின்றால் மணிக்கணக்குதான். ஒரு நாளுக்குள் ரத்தத்தில் அமிலம் ஏறி வாந்தியும் மூச்சிரைப்புமாக ஐசியூ வரை போய்விடும். பிறவியிலேயே அட்ரினல் சுரப்பிக் குறை உள்ள குழந்தைக்கு ஹைட்ரோகார்டிசோனும் அப்படித்தான். காய்ச்சல் வந்தால் அதை நிறுத்துவது இருக்கட்டும், டாக்டர் சொல்லி வைத்தபடி இரண்டு மூன்று மடங்கு கூட்டியே கொடுக்க வேண்டியிருக்கும். வலிப்பு மருந்துகளுக்குக் கெடு ஒன்றிரண்டு நாள். பல வாரம் தொடர்ந்து ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, ஏனென்றால் அந்தப் பிள்ளையின் உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும். தைராய்டு மாத்திரை உடம்பில் பல நாள் தங்கும், இரண்டு நாள் விட்டுப்போனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் மூளை வளரும் கைக்குழந்தைக்கு அந்தச் சலுகையை நீட்டிக்கக் கூடாது. வாதக் காய்ச்சலில் இதய வால்வு பாதித்த பிள்ளைக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. தேதி தள்ளிப்போனால் அன்றைக்கே எதுவும் தெரியாது, அடுத்த தொண்டைத் தொற்றில் தெரியும். வீசிங்குக்குத் தினமும் போடும் தடுப்பு பஃப்பை நிறுத்தினாலும் சில வாரம் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

இந்தக் கெடுவை எழுதித் தருமாறு டாக்டரிடம் கேட்கும் பெற்றோர் மிகக் குறைவு. ஜன்னலில் நான் பார்த்தவரை நூறில் ஒருவர் கூட இல்லை. "ஒருவேளை மருந்து கிடைக்காமல் போனால் எத்தனை மணி நேரத்துக்குள் நான் எங்கே வந்து சேர வேண்டும்?" என்று அடுத்த தடவை கேளுங்கள். உங்கள் மகளின் மருந்து ஒரு நாளுக்குள் ரத்தத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும் வகை. அதனால் ஆறு நாள் என்பது நீளமான இடைவெளிதான், வலிப்பு திரும்பியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் மருந்து வரும் என்று காத்திருந்தீர்கள். இரண்டாம் நாளே பக்கத்தில் உள்ள எந்த அரசு மருத்துவமனைக்காவது தூக்கிக்கொண்டு போகலாம், அதே மருந்து இல்லாவிட்டாலும் டாக்டர் வேறொன்றை வைத்து அந்த இடைவெளியைச் சமாளிப்பார் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

2020-இல் என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்தால், மருந்து நாட்டில் இல்லாமல் போனது சில இடங்களில்தான். மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 வந்தது, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. மருந்துக்கடைகள் திறந்திருக்கலாம் என்று உத்தரவு இருந்தது. எங்கள் ஸ்டோரில் வால்ப்ரோயேட்டும் இன்சுலினும் இருந்தன. நின்றுபோனது பஸ். ஜூனில் மண்டலத்துக்குள் கொஞ்ச நாள் ஓடி மறுபடி நின்று, மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட ஆரம்பித்தது செப்டம்பர் 7-இல். பைக் இல்லாத, இ-பாஸ் போடத் தெரியாத, அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குடும்பத்துக்கு எங்கள் ஸ்டோரில் மருந்து இருந்து என்ன பயன்? மருந்து இருக்கும் அலமாரிக்கும் பிள்ளையின் வாய்க்கும் நடுவில் இருந்த அந்தத் தூரம்தான் பலரை விழ வைத்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் ஒருவர் சைக்கிளில் வந்தார். விடிகாலை கிளம்பியவர், ஜன்னலுக்கு வந்தபோது பத்தரை மணி. சட்டைப் பையிலிருந்து கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். கடையில் பத்து மாத்திரை அட்டையை இரண்டிரண்டாக வெட்டி வாங்கியதில் மருந்தின் பெயர் போய், கடைசியில் "ஸெபின்" என்று முடியும் எழுத்துகள் மட்டும் மிச்சம் இருந்தன. மி.கி. எண்ணும் இல்லை. கார்பமஸெபினும் அப்படித்தான் முடியும், ஆக்ஸ்கார்பஸெபினும் அப்படித்தான் முடியும். இரண்டும் வலிப்பு மருந்து, ஆனால் அளவு வேறு, ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே கணக்கில் கொடுக்க முடியாது. வீட்டுக்குப் போன் போட்டோம். பெரிய மகள் பழைய ஓ.பி. சீட்டைப் பரணிலிருந்து எடுத்து, டாக்டரின் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினாள். அதற்கே முக்கால் மணி நேரம். அவர் நின்றுகொண்டே இருந்தார், தண்ணீர் வேண்டாம் என்றார். கார்பமஸெபின்தான். இரண்டு மாதத்துக்குக் கொடுத்து அனுப்பினோம். அன்றிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது: அட்டையில் பெயர் இருக்கும் ஓரத்து மாத்திரையைக் கடைசியாகச் சாப்பிடக் கொடுங்கள், காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், மருந்துச் சீட்டு மூன்றையும் போனில் படம் எடுத்து, வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். கம்பெனி வைத்த பெயர் இல்லை, மருந்தின் மூலப்பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கம்பெனி சரக்கு வராத நாளில் அந்தப் பெயர்தான் உங்களைக் காப்பாற்றும்.

அரசு மருந்து வரும் வழியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அவசரத்தில் எங்கே கேட்பது என்று புரியும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. அதற்கு மாவட்டங்களில் கிடங்குகள் உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பாஸ்புக் மாதிரி ஒன்று இருக்கும், அதில் உள்ள தொகைக்குக் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்வார்கள். ஆகவே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு சிரப் அலமாரியில் இல்லை என்றால், அவர்களால் எடுக்கவே முடியாது என்று அர்த்தம் இல்லை. இப்படி ஒரு பிள்ளை தங்கள் எல்லைக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பெரிய மருத்துவமனையில் நேரடியாக வாங்கிப் பழகியதால் நம் பிள்ளையின் பெயர் ஊர் நிலையத்துப் பதிவில் இருப்பதே இல்லை. சாதாரண நாளிலேயே ஒருமுறை போய், மருத்துவ அலுவலரைப் பார்த்து, சீட்டின் நகலைக் கொடுத்து, கிராம சுகாதார செவிலியரிடம் நம்பர் வாங்கி வைத்துவிடுங்கள். 2020-இல் எங்களிடம் போனில் பேசிய சில டாக்டர்கள் இப்படித்தான் பக்கத்து நிலையத்திலிருந்து மருந்து கிடைக்கச் செய்தார்கள். தபால் துறையும் அந்த நாட்களில் மருந்துப் பார்சல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த வருடம் மார்ச் 25-ஆம் தேதி தொலைமருத்துவத்துக்கான விதிமுறை வெளியானது, ஏப்ரலில் இ-சஞ்சீவனி ஓ.பி. தொடங்கியது; அதில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசிச் சீட்டு வாங்கலாம். 104-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள். ஆனால் ஃபீனோபார்பிட்டோன் மாதிரியான சில வலிப்பு மருந்துகள் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருபவை, சின்னக் கடைகளில் வைப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு அது எழுதப்பட்டிருந்தால் எந்தக் கடையில், எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

சரி, ஆறு மாத மருந்தை வாங்கி வைக்கலாமா? என் கருத்து, வேண்டாம். முதல் காரணம், குழந்தை வளர்கிறது. பெரியவர்களின் பிரஷர் மாத்திரையைப் பழைய சீட்டை வைத்து வருடம் முழுக்க ஓட்டிவிடுவார்கள். குழந்தைகளுக்கு அளவு எடையை வைத்துப் போடப்படுகிறது. 2020 மார்ச்சில் 14 கிலோ இருந்த பிள்ளை அடுத்த வருடம் 18 கிலோவாக வந்து நின்றாள்; அம்மா ஒரு வேளை கூட விடாமல் மருந்து கொடுத்திருந்தார், அளவு மட்டும் 14 கிலோவுக்கானது. வலிப்பு வந்ததும் "மருந்து வேலை செய்யவில்லை" என்று அழுதார். மருந்து நன்றாகத்தான் இருந்தது, அது பிள்ளைக்குப் போதவில்லை. அதனால் ஊரடங்காக இருந்தாலும் மாதம் ஒருமுறை ரேஷன் கடைத் தராசிலோ பக்கத்து வீட்டு மெஷினிலோ எடையைப் பார்த்து எழுதி வைத்து, டாக்டரிடம் போனில் சொல்லுங்கள். இரண்டாவது காரணம், நாம் அடுக்கி வைப்பது இன்னொரு பிள்ளையின் அலமாரியிலிருந்து போகிறது. 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவலாம் என்ற பேச்சு வந்து, சுகாதாரப் பணியாளர்களுக்கு அதைப் பரிந்துரைத்து அறிவிப்பும் வந்ததும், கடைகளில் அந்த மாத்திரை மளமளவென்று காலியானது. மார்ச் 26-இல் அதன் விற்பனையை அரசு கட்டுப்படுத்தியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய்க்குத் தினமும் அதையே நம்பியிருந்த சிறுமிகள் எங்களிடமே இரண்டு பேர் இருந்தார்கள். அந்த மருந்து உடம்பில் பல வாரம் தங்கும் என்பதால் தப்பித்தார்கள். வாங்கி வைத்தவர்களுக்கோ அதனால் ஒரு பலனும் இல்லை. கொரோனாவில் அது உதவவில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு ஜூனிலேயே சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் அன்றாடம் எடுப்பதற்கு மேல் ஒரு மாதம் கூடுதலாக, அதிகபட்சம் ஆறு வாரம். புதியது வாங்கியதும் அதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் எடுத்துப் பயன்படுத்த வேண்டும். ஸ்டோரில் நாங்கள் செய்வதும் அதுதான். கூடுதல் மாதத்தைத் தொட்டுவிட்டால் அன்றைக்கே அடுத்ததற்குக் கிளம்ப வேண்டும், தீர்ந்த பிறகு இல்லை. அரசு மருத்துவமனையில் கூடுதலாகத் தரமாட்டார்களே என்பீர்கள். வழக்கமான நாளில் தயங்குவார்கள், உண்மை. டாக்டர் சீட்டில் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் கொடுப்பது எளிது. பெருந்தொற்று காலத்தில் எங்கள் மருந்தகத்தில் நீண்டகால நோயாளிகளுக்கு இரண்டு மாதம் சேர்த்தே கொடுத்தோம்.

வீட்டில் வைக்கும் விதத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வால்ப்ரோயேட் மாத்திரை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். சிரப் கிடைக்காமல் கடையில் மாத்திரை கொடுத்தால் அதை இடித்துக் கரைக்கலாமா என்று கேட்காமல் இடிக்காதீர்கள். மெதுவாகக் கரைவதற்காகச் செய்த மாத்திரையை இடித்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும். உங்கள் மகளின் சிரப் கரைசல் வகை, அடியில் தங்காது. ஆனால் ஃபெனிடாயின், கார்பமஸெபின் போன்றவற்றின் திரவ மருந்து அடியில் படியும். ஒரு பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: ஒரு வாரம் அசையாமல் இருந்திருந்தால் மேலே தெளிவாகவும் அடியில் கெட்டியாகவும் இரண்டு பட்டையாகத் தெரியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் பத்து நாள் பிள்ளைக்கு மருந்து போதாது, கடைசிப் பத்து நாள் மருந்து அதிகமாகித் தள்ளாடும், கண் ஆடும். இன்னொரு ஆபத்து, ஃபெனிடாயினில் 5 மி.லி.க்கு 30 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 125 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு. ஊரடங்கில் வழக்கமான கடை மூடியிருந்து வேறு கடையில் வாங்கியபோது, அதே மூடியளவு ஊற்றி நான்கு மடங்கு மருந்து போன பிள்ளை ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாளில் தேறிவிட்டாள். புதுப் பாட்டில் வந்தால் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் அந்த எண்ணையும் பாருங்கள்.

உங்கள் தங்கை மகன் விஷயத்திலும் இதே எண் பிரச்சினை இருக்கிறது. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், பேனா வடிவ ஊசியில் (பென்) வருவது 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் சிரிஞ்சு மாறினால், 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது நான்கு யூனிட்தான். திருப்பிச் செய்தால் பத்துக்குப் பதில் இருபத்தைந்து யூனிட் போகும், அது உயிருக்கே ஆபத்து. எனவே இன்சுலினோடு அதற்கான சிரிஞ்சையும் கூடுதலாக வாங்கி ஒரே பையில் வைக்கச் சொல்லுங்கள். திறக்காத பாட்டில் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசர் பக்கம் போகக் கூடாது. உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்ததை நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னப் பானை வைத்து, அதில் தண்ணீர் புகாத டப்பாவில் பாட்டிலை வைக்கலாம். மதுரைப் பக்கத்து வறண்ட வெயிலில் இது நன்றாகக் குளிர வைக்கும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு இறங்காது. ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் கென்யாவின் தடாப் அகதி முகாமின் வெப்பத்தை அளந்து, 25-க்கும் 37-க்கும் நடுவில் ஏறி இறங்கும் சூட்டில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துச் சோதித்தன. அதன் வீரியம் குறையவில்லை என்று 2021-இல் வெளியிட்டார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் கரண்ட் இல்லை என்பதற்காகப் பயந்து இருக்கிற ஒரே பாட்டிலையும் கொட்டிவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

காய்ச்சல் நாளில் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு, "சாப்பிடவே இல்லை, ஊசி எதற்கு?" என்று இன்சுலினை நிறுத்துவது. டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை முழுமையாக நிறுத்தவே கூடாது, இதில் சந்தேகமே இல்லை. அளவு கூடலாம், குறையலாம். அதற்கு அடிக்கடி சர்க்கரை பார்த்து டாக்டரிடம் கேட்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வேகமாக இழுப்பது என்று வந்தால் அது எந்தத் தொற்று காலமாக இருந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் மே வரை புதிதாக டைப் 1 கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளில் 44.7 சதவீதம் பேர் அமிலம் ஏறிய நிலையில்தான் வந்தார்கள். முந்தைய வருடம் அது 24.5 சதவீதம். அங்கே ஆஸ்பத்திரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் குறைவில்லை. அப்படியும் தாமதமாகவே வந்தார்கள்.

பயத்தால் மருந்தை நிறுத்தியவர்களும் உண்டு. ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், கொரோனா வந்துவிடும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துவிட்டு நெஃப்ராட்டிக் (சிறுநீரில் புரதம் வெளியேறி உடம்பு வீங்கும் சிறுநீரக நோய்) பிள்ளைகளுக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ஈனலாப்ரில் மாத்திரை வைரஸுக்குக் கதவு திறந்துவிடும் என்று இன்னொரு செய்தி. மருத்துவ அமைப்புகள் அப்போதே நிறுத்த வேண்டாம் என்று சொன்னன. ஈனலாப்ரிலைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது கடுமையான வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றும்போது; அதையும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் கொரோனாவை லேசாகவே கடந்தார்கள் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அடுத்து வரும் தொற்றும் அப்படியே இருக்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. 2009 பன்றிக் காய்ச்சலில் அமெரிக்காவில் இறந்த குழந்தைகளில், விவரம் தெரிந்த 336 பேரில் 146 பேருக்கு நரம்பு சார்ந்த நோய் இருந்தது. உங்கள் மகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி வேண்டுமா என்று இப்போதே கேளுங்கள்.

டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லாத இடமும் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்டீராய்டு சாப்பிடும் நெஃப்ராட்டிக் பிள்ளைக்குச் சளி பிடித்தால் சில நாள் தினமும் கொடுக்கலாமா? இலங்கையில் பேராதனை மருத்துவர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படிக் கொடுத்தால் நோய் திரும்புவது குறைந்தது. 2021 இறுதியில் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வில் பலன் எதுவும் தெரியவில்லை. அதனால் ஒரு டாக்டர் கூட்டச் சொல்வதும் இன்னொருவர் வேண்டாம் என்பதும் இரண்டுமே நியாயம்தான். உங்கள் பிள்ளையின் டாக்டர் சொன்னதைப் பின்பற்றுங்கள். திடீரென்று நிறுத்தக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வீசிங் பிள்ளைகளுக்கு ஊரடங்கு நல்ல காலமாகவே தெரிந்தது. பள்ளி இல்லை, சளி தொற்றவில்லை. பஃப்பை நிறுத்திவிட்டார்கள். 2021 நவம்பர் 1-ஆம் தேதி ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்ததும் எங்கள் ஓ.பி.யில் இழுப்போடு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் தடுப்பு பஃப்பை எப்போதோ விட்டவர்கள். பஃப் மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாயான ஸ்பேசர் கிடைக்கவில்லை என்றால் 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பஃப்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளை போட்டு, இடைவெளியை ஒட்டிப் பயன்படுத்தலாம். தென்னாப்பிரிக்காவில் 1999-இல் வெளியான ஆய்வில், அப்படிச் செய்தது கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 2021 மே மாதம், இரண்டாம் அலை. மருந்தக போனுக்கு ஒரு பெரியவர் அழைத்தார். மகனும் மருமகளும் கொரோனாவோடு வேறு வேறு வார்டில். பேரன் நெஃப்ராட்டிக். "தம்பி, காலையில வெள்ளை மாத்திரை ஒன்றரை குடுப்பாங்க. ஒருநாள் விட்டு ஒருநாள். இன்னிக்குக் குடுக்கிற நாளா, விடுற நாளான்னு எனக்குத் தெரியலையேப்பா" என்றார். மருமகள் ஆக்சிஜனில் இருந்தார், பேச முடியாது. நான் நோட்டில் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பையன் குரல் கேட்டது: "தாத்தா, நேத்து விட்டாச்சு. இன்னிக்குக் குடுக்கணும்." ஏழு வயது. அவனுக்கு மட்டும்தான் அந்த வீட்டில் கணக்கு தெரிந்திருந்தது.

மருந்து கையில் இருந்தும் கொடுக்கத் தெரிந்தவர் வீட்டில் இல்லாமல் போவதற்குப் பெருந்தொற்று காலத்தில் வாய்ப்பு அதிகம். அதனால் உங்கள் அம்மாவுக்கோ, பக்கத்து வீட்டு அக்காவுக்கோ, இன்னொருவருக்கு மருந்து கொடுக்கப் பழக்குங்கள். வாயால் சொன்னால் போதாது, அவர்கள் கையால் இரண்டு நாள் ஊற்றிக் கொடுக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். தினசரி காலண்டர் தாளில் கொடுத்ததும் ஒரு கோடு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமல் இருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரேயை அடித்துவிட்டு 108-ஐ அழைப்பது ஆகிய மூன்றும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஸ்பிரே உங்களிடம் இல்லை என்றால் அதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. மகளுக்கு ஒன்பது வயது ஆகிறது. அவளுக்கும் தன் மருந்தின் பெயரும், எத்தனை மி.லி., எந்த நேரம் என்பதும் தெரியட்டும்.

இன்று இரவு மருந்து கொடுக்கும்போது பாட்டிலைத் திருப்பி, 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று போட்டிருக்கிறது, தேதி என்ன என்று பாருங்கள். அதையும் அவளுடைய இன்றைய எடையையும் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதி, படம் எடுத்து உங்கள் தங்கைக்கு அனுப்பிவிடுங்கள். தங்கையையும் அவருடைய மகனின் பாட்டிலில் 40-ஆ 100-ஆ, சிரிஞ்சு மூடி சிவப்பா ஆரஞ்சா என்று பார்த்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.